பட்டரி வேலையும் ஈயமும்: திருகோணமலைப் பக்கம் யாராவது இரத்தம் சோதித்திருக்கிறீர்களா?

உப்புவெளி_மருமகள்

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள், அவசரமாகத்தான் கேட்கிறேன்.

என் கணவர் கொழும்புப் பக்கம் ஒரு பட்டரித் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவர். கொரோனா நேரம் ஊரோடு வந்து, வீட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டுப் பழைய பட்டரி திருத்துகிறார். ஓட்டோ, லொறி, மீன்பிடி போட், சோலர் என்று எல்லாப் பட்டரியும் வரும். திருத்தக்கூடியதற்குப் பிளேட், அதாவது உள்ளே இருக்கும் ஈயத் தகடு, மாற்றிக் கொடுப்பார். மற்றதை உடைத்து, ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கி விற்பார். நல்ல கைத்திறன், தம்பலகாமத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள்.

ஒரு வருடமாக வயிற்றுவலி. வந்தால் குடலை முறுக்கிப் பிழிகிற மாதிரி வரும், அப்படியே நிலத்தில் குந்திவிடுவார். மலச்சிக்கலும் கடுமை. கஸ்ட்ரிக் என்று குளிசை தந்தார்கள். எண்டொஸ்கோப்பியும் செய்தாயிற்று, ஒன்றுமில்லை. இரத்தம் குறைவென்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். மணிக்கட்டும் முழங்காலும் எந்நேரமும் நோவு. எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் அவருடைய குணம் மாறியதுதான். பிள்ளைகளை ஒரு வார்த்தை அதட்டாத மனிசன், இப்போது சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார். பிறகு தனியே இருந்து கண் கலங்குகிறார்.

கனடாவில் இருக்கும் என் தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, அது ஈயமாக இருக்கலாம், இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கோ" என்றான். இவர் ஒத்துக்கொள்கிறாரில்லை. "ஆபத்து அசிட்டில்தான், அதுக்கு நான் கையுறையும் பூட்ஸும் போடுறன். ஈயம் சும்மா கட்டியாகக் கிடக்கிற சாமான். அங்க வேலை செய்யேக்க பால் குடிச்சனாங்கள், ஒண்டும் வராது" என்கிறார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. சின்னவன் கொட்டிலுக்குப் பக்கத்து மணலில்தான் முழு நேரமும் விளையாட்டு. எங்கே சோதிப்பது, யாரிடம் போவது? பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

---

ஆய்வுகூடக்காரன்

அக்கா, நான் அரச வைத்தியசாலை ஒன்றில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். உங்கள் தம்பி சொல்வது சரியான வழி. முறுக்கும் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை, மூட்டு நோவு, எரிச்சல் எல்லாம் ஒரே ஆளுக்கு, அதுவும் ஈயத்தில் வேலை செய்கிறவருக்கு வந்தால் முதலில் ஈயத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. ஹீமோகுளோபின் குறைந்ததைக் காட்டும், அவ்வளவுதான். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில நேரம் செங்குருதிக் கலங்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரியும். கலத்துக்குள் மிஞ்சும் ஆர்என்ஏயை உடைக்கிற நொதியத்தை ஈயம் தடுப்பதால் வருவது அது. ஹீமோகுளோபின் செய்கிற நொதியங்களையும் ஈயம் தடுக்கும். இரும்புக் குளிசை மட்டும் கொடுத்து இந்தச் சோகையை மாற்ற முடியாது. ஆனால் புள்ளி தெரியாவிட்டால் ஈயம் இல்லை என்று எடுக்கக் கூடாது. "இரத்தத்தில் ஈயத்தின் அளவு" என்று தனியாக எழுதித்தான் சோதனை கேட்க வேண்டும். அதற்கு நாளத்திலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும், உலோகக் கலப்பில்லாத குழாய் வேண்டும், எடுக்கும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் தூசும் சேர்ந்து கூட்டிக் காட்டிவிடும்.

பெரியாஸ்பத்திரி மெடிக்கல் கிளினிக்குக்குப் போங்கள். போனதும் வயிற்றுவலியிலிருந்து தொடங்காதீர்கள். முதல் வசனமே "இவர் பட்டரி உடைத்து ஈயம் உருக்குகிறவர்" என்று இருக்கட்டும். நோயாளியின் தொழிலைக் கேட்க அந்தச் சனக்கூட்டத்தில் நேரம் கிடைப்பதில்லை, நாங்களாகச் சொன்னால்தான் உண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. எங்கே அனுப்புவது, என்ன மருந்து என்று வைத்தியர்கள் அங்கே பேசிக் கேட்கலாம்.

பிள்ளைகள் இருவருக்கும் கட்டாயம் பாருங்கள். கணவர் மறுத்தாலும் பிள்ளைகளைக் கொண்டுபோங்கள்.

---

பேஸ்டிங்_பிரிவு

தங்கச்சி, உங்கள் கணவர் வேலை செய்த மாதிரியான இடத்தில் நானும் இருந்தவன், இப்போது கந்தளாயில் வயல் செய்கிறேன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அங்கே நடப்பதைச் சொல்கிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பட்டரி என்றவுடன் எல்லாருக்கும் கண்ணில் நிற்பது அசிட். அசிட் பட்டால் எரியும், சேட்டில் ஓட்டை விழும், உடனே தெரியும். அதனால் அசிட்டுக்கு எல்லாரும் பயம். ஈயத் தூசு எரியாது, மணக்காது, இருமல்கூட வராது. அதனால் அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

ஈயத்தை அரைத்து ஒக்சைட் மாவாக்குவார்கள். அந்த மாவைக் குழைத்துப் பிளேட்டின் சட்டகத்தில் அப்புவது பேஸ்டிங். ஈரமாக இருக்கும் வரைக்கும் பரவாயில்லை. காய்ந்த பிறகுதான் பிரச்சினை. காய்ந்த பிளேட்டுகளைப் பிரித்து, இடையில் தாள் வைத்து அடுக்கி, அடுக்கைச் சமப்படுத்த மேசையில் தட்டுவோம். ஒவ்வொரு தட்டுக்கும் செம்மஞ்சள் தூள் பறக்கும். கூரைத் தகட்டால் வெயில் விழும் நேரம் அந்தத் தூள் காற்றில் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாதது அதைவிட நுண்ணியது, அதுதான் நெஞ்சின் அடிவரைக்கும் போகும். மேலே உறிஞ்சும் குழாய் பூட்டியிருந்தார்கள். ஆனால் வெக்கை தாங்காமல் எங்களில் சிலர் நிற்கும் மின்விசிறியைக் கொண்டுவந்து போட்டோம். அது குழாய்க்குப் போக வேண்டிய தூசையெல்லாம் அடுத்த மேசைக்காரனின் முகத்துக்கு அனுப்பியது. வேலை முடிய விளக்குமாற்றால் கூட்டுவோம். கூட்டும்போது பறந்த தூசு நாள் முழுக்கப் பறந்ததைவிட அதிகமாக இருக்கும்.

சில மாதத்துக்கு ஒருக்கால் இரத்தம் எடுப்பார்கள். அளவு கூடினவனைப் பக்கிங், அதாவது பொதி கட்டும் பக்கம் மாற்றுவார்கள். அங்கே போனால் அலவன்ஸ் இல்லை, ஓவர்டைம் இல்லை. அதனால் இரத்தம் எடுக்கும் நாள் தெரிந்தால் லீவு போடுகிறவர்கள் இருந்தார்கள். வாழைப்பழம் சாப்பிட்டால் இறங்கும், பால் குடித்தால் இறங்கும் என்ற கதைகளும் அதனால்தான். இரண்டு மூன்று மாதத்தில் இறங்கினதும் திரும்பப் பழைய மேசை. திரும்ப ஏறும். எனக்கு இப்போதும் பிரஷர் குளிசை, சிறுநீரகத்துக்கும் கிளினிக் போகிறேன்.

---

ஓய்வுபெற்ற_பிஎச்ஐ

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பிஎச்ஐ) இருந்து ஓய்வுபெற்றவன். பால் விஷயத்தை முதலில் முடிப்போம், ஏனென்றால் அதை நம்பித்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மூச்சோடு போன ஈயம் நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்துக்குப் போகிறது. வயிற்றில் கிடக்கும் பால் அதை என்ன செய்யும்? வாயால் போகும் ஈயத்தில் மட்டும் சின்ன உதவி உண்டு. கல்சியமும் இரும்பும் போதியளவு உள்ள உடம்பு ஈயத்தைக் குறைவாக உறிஞ்சும், வெறும் வயிறு கூடுதலாக உறிஞ்சும். ஆகவே சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது, நெத்தலி, கீரை, பருப்பு சேர்ப்பது நல்லது. ஆனால் பால் குடித்துவிட்டுத் தூசுக்குள் நிற்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்ல முடியாது.

பேஸ்டிங் தம்பி சொன்ன "மாற்றுவார்கள், இறங்கும், திரும்ப ஏறும்" என்பதற்குக் காரணம் இது. இரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் வளர்ந்தவரின் உடம்பிலுள்ள ஈயத்தில் 90 வீதத்துக்கு மேல் இருப்பது எலும்பில். கல்சியம் போகும் வழியால் அங்கே போய்ப் பத்து, இருபது வருடம் கிடக்கும். இரத்த அளவு இறங்கியது என்றால் ஈயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஒரு பங்கு எலும்பில் குடியேறிவிட்டது. வேலையை விட்ட பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

இலக்கங்களையும் சொல்கிறேன், அறிக்கை வந்தால் வாசிக்க உதவும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்றுதான் எழுதுவார்கள். 5 அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டி வெளியிட்டது. 5க்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்லவில்லை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுத் தொழிலாளர் விதி 60ஐத் தொட்டால் வேலையிலிருந்து விலக்கச் சொன்னது. கலிபோர்னியா 2025இலிருந்து அதை 30ஆகக் குறைத்திருக்கிறது. 40, 50 "வழமையான அளவுதான்" என்று தொழிற்சாலையில் பழகிப்போனவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சின்னவனைப் பற்றி: சிறு பிள்ளைகளின் குடல் வளர்ந்தவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். மணலில் விளையாடிய கை வாய்க்குப் போகும். மூளை வளரும் வயது. இதில் ஒரு நாளும் பிந்த வேண்டாம், மகள்.

---

திருக்கடலூர்_வலை

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர்கள். அப்பப்பா காலத்தில் இருந்து பழைய பட்டரி பிளேட்டைத் தாச்சியில் போட்டு உருக்கி, மேலே வரும் கசடை அகப்பையால் தள்ளிவிட்டு அச்சில் ஊற்றுவோம். சின்னக் குண்டைப் பல்லால் கடித்துத்தான் கயிற்றில் இறுக்குவோம். அப்பப்பா எண்பது வயதுக்கு மேல் இருந்தவர். கடலுக்குப் போகிறவனுக்கு ஆயிரம் ஆபத்து, இதையும் தூக்கித் தலையில் போடாதீர்கள்.

---

பேஸ்டிங்_பிரிவு

> அப்பப்பா எண்பது வயதுக்கு மேல் இருந்தவர்.

அண்ணை, உங்கள் அப்பப்பா இருந்தது சந்தோஷம். ஆனால் வார்க்கும்போது பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாமல் நின்றார்கள், எத்தனை வீட்டில் கரு தங்காமல் போனது என்று யாரும் எண்ணவில்லை. ஈயம் ஆளை ஒரே நாளில் விழுத்தாது. அதனால்தான் அதன் மேல் பழி போவதில்லை.

---

ஓய்வுபெற்ற_பிஎச்ஐ

திருக்கடலூர் தம்பிக்கு மரியாதையோடு ஒரு விளக்கம். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகும் சிரட்டையும் போட்டு ஊதிய அடுப்பு அதைவிட எவ்வளவோ மேலே போகும், சூடு ஏற ஏறப் புகையும் கூடும். அதோடு நீங்கள் உருக்குவது தனி ஈயம் இல்லை. பட்டரிப் பிளேட்டின் மேலே இருப்பது ஒக்சைட்டும் சல்பேட்டும். நீங்கள் தள்ளிவிடும் அந்தச் சாம்பல் நிறக் கசடு முழுவதும் ஈயம்தான், தூளாகப் போன ஈயம். அதை எங்கே கொட்டுகிறீர்கள்? வேலியோரம். மழைக்கு வளவெல்லாம் பரவும், வெயிலுக்குத் தூசாகும்.

செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் என்று ஓர் இடம், அதுவும் கடலோர ஊர்தான். பழைய பட்டரி உடைத்த மண்ணில் ஈயத் துகள் இருக்கிறதென்று தெரிந்து, சனம் அந்த மண்ணை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து அரித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே பெரிய ஆலை எதுவும் வெடிக்கவில்லை. வளவு மண்ணும் வீட்டுத் தூசும்தான் காரணம்.

பல்லால் கடிப்பதை இன்றைக்கே விடுங்கள். ஒரு குறடு போதும்.

---

மூதூர்_மிட்வைஃப்

நான் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மார் இதை வாசித்தால் கவனியுங்கள். ஈயம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சின்ன வயதில் தாயின் எலும்பில் சேர்ந்த ஈயமும் கர்ப்பகாலத்தில் கல்சியத்தோடு சேர்ந்து வெளியே வரும். கிளினிக்கில் தரும் கல்சியக் குளிசையைச் சில பெண்கள் வாய்க்கசப்பென்று எறிந்துவிடுகிறார்கள். பட்டரி, ஈயம் சம்பந்தப்பட்ட வீடென்றால் ஒரு நாளும் விட வேண்டாம், எங்களிடம் தொழிலையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. உப்புவெளித் தங்கச்சி, கணவரின் வேலை உடுப்பை நீங்கள்தானே தோய்க்கிறீர்கள்? தோய்க்கு முன் உதறுவீர்களா? உதறும்போது நீங்கள் சுவாசிப்பது அந்தக் கொட்டில் தூசைத்தான். பிள்ளைகளின் உடுப்போடு ஒரே வாளியில் ஊற வைக்கவும் வேண்டாம். உங்களுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

---

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பழைய சாமான் எடுக்கிற ஆள். எங்கள் வயிற்றுப் பக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பழைய லொறிப் பட்டரியில் கிடைப்பது ஒரு வீட்டின் அன்றைய அரிசி. தகரமும் போத்தலும் தராத காசை ஈயம் தரும். உலகத்தில் எடுக்கிற ஈயத்தில் பெரும்பங்கு பட்டரிக்குத்தான் போகிறது, திரும்பப் பட்டரியாகத்தான் வருகிறது. யாரோ ஒருவர் சேர்த்துக் கொடுத்தால்தானே அது நடக்கும்? தொழிலை விடு என்று சொல்வது லேசு.

அசிட்டோடு தூக்கினால் பாரம், லொறியில் ஊற்றும். அதனால் பொடியன்கள் வாங்கின இடத்திலேயே கவிழ்த்துவிட்டு வருவார்கள். அதில் ஈயம் இருக்கிறதா?

---

ஆய்வுகூடக்காரன்

இருக்கிறது நானா. பழைய பட்டரியின் அடியில் சேற்று மாதிரிப் படிந்திருப்பது பிளேட்டிலிருந்து உதிர்ந்த ஈயம். கவிழ்க்கும்போது அசிட்டோடு சேர்ந்து அதுவும் மண்ணுக்குப் போகிறது. எங்கள் பக்கம் மணல் மண், கிணறு ஆழம் குறைவு, வீட்டுக்கு வீடு கிணறு. அந்த இடத்தைத்தான் பிறகு பிள்ளைகள் மிதிக்கிறார்கள்.

தொழிலை விடச் சொல்லவில்லை. உடைக்காமல், கவிழ்க்காமல், முழுப் பட்டரியாக நிமிர்த்தி வைத்து எடுத்து, உரிமம் உள்ளவருக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறோம். காசு கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் உடைக்கிற கை உங்கள் பொடியன்களின் கையாக இருக்காது. நோன்பு நாளில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சொல்: வெறும் வயிறு ஈயத்தைக் கூட எடுக்கும் என்று பிஎச்ஐ ஐயா சொன்னார். நோன்பு திறக்க முன் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மாதம் உடைக்கும் வேலையே வேண்டாம்.

---

சீனன்குடா_தொழிலாளி

சட்டப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். தொழிற்சங்கத்தில் இருந்து இந்தக் கடதாசிகளோடு அலைந்தவன்.

1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஈய நஞ்சு அறிவிக்க வேண்டிய நோய். அதைக் கண்ட வைத்தியர் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலும் ஈய நஞ்சு இருக்கிறது. அதாவது இயந்திரத்தில் விரல் போனால் மட்டும் நட்டஈடு என்றில்லை, ஈயம் ஏறினாலும் கேட்கலாம். எங்கள் ஆட்களுக்கு இது தெரியாது, முதலாளிமார் சொல்லித் தரவும் மாட்டார்கள். தங்கச்சி, கணவரின் பழைய நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இரத்த அளவு எழுதித் தந்த அட்டை எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் போய் நேரிலே கேளுங்கள், நாளைக் கடத்த வேண்டாம்.

பேஸ்டிங் அண்ணை சொன்ன அலவன்ஸ் கதைதான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. நோயைச் சொன்னால் சம்பளம் குறையும் என்று வைத்தால் எவன் சொல்வான்? அந்த 1978ஆம் ஆண்டு அமெரிக்க விதியில், ஈயம் கூடி விலக்கப்பட்டவருக்குப் 18 மாதம் வரைக்கும் பழைய சம்பளம் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை எழுதினவர்களுக்குத் தொழிலாளியின் மனது தெரிந்திருக்கிறது. இங்கேயும் எங்கள் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முகமூடி இரண்டாவது.

வீட்டுக் கொட்டிலில் சொந்தமாக வேலை செய்கிறவருக்கு முதலாளி இல்லை, அதனால் நட்டஈடும் இல்லை. பெரிய ஆலை வேண்டாமென்று தள்ளிவிடும் அழுக்கு வேலை கடைசியில் சேர்வது இப்படிப்பட்ட கொட்டில்களில்தான். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

---

பேஸ்டிங்_பிரிவு

முகமூடி என்றதும் ஞாபகம் வருகிறது. கொரோனாவுக்குப் போட்ட நீல முகமூடியும் துணியும் இதற்கு உதவாது. ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டி, இரண்டு பக்கமும் நுண்தூசு வடிகட்டி பூட்டுகிற வகைதான் வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது, இடைவெளியால் தூசு போகும். அப்படியானவர்களுக்கு மோட்டார் வைத்துக் காற்று ஊதும் வகை உண்டு, விலை அதிகம்.

அதைவிட முக்கியம் கை. எங்களோடு நின்றவர்களில் வெற்றிலை போடுகிறவர்களுக்கும் பீடி பத்துகிறவர்களுக்கும்தான் அளவு எப்போதும் மேலே நிற்கும். சுண்ணாம்பு தொட்ட விரல், பீடி பிடித்த விரல், எல்லாம் ஈயம் தொட்ட விரல்தானே.

---

உப்புவெளி_மருமகள்

எல்லாருக்கும் நன்றி. பேஸ்டிங் அண்ணை எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். மின்விசிறிக் கதை வந்ததும் "நிப்பாட்டு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் தானே கிளினிக்குக்கு வெளிக்கிட்டார்.

வைத்தியர் தொழிலைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டுச் சரியாக விசாரித்தார். இரு கையையும் நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கை கொஞ்சம் தளருகிறதாம். முரசையும் பார்த்தார், பல்லோடு சேரும் இடத்தில் நீலக் கோடு இருக்கிறதாம். நான் அதைப் பல் துலக்காத கறை என்று நினைத்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நால்வருக்கும் இரத்தம் அனுப்பினார்கள்.

இப்போது அறிக்கை வந்துவிட்டது. இவருக்கு 61. எனக்கு 9. மகளுக்கு 11. சின்னவனுக்கு 23.

இவருடைய இலக்கத்தைப் பார்த்து இவர் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவனுடையதைப் பார்த்ததும் கொட்டிலைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டார். ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து பற்றிக் கேட்டேன். சின்னவனுக்கு இப்போது தேவையில்லை, ஈயம் போகும் வழியை நிறுத்தி, இரும்பும் கல்சியமும் கொடுத்துத் திரும்பச் சோதிப்போம் என்றார்கள். இவரை வார்ட்டில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டு மாமி இரத்தத்தைச் சுத்தமாக்கும் பஸ்பம் ஒன்று தருகிறேன் என்கிறா. கொடுக்கலாமா?

கொட்டிலுக்குள் இன்னும் உடைத்த பிளேட் இருக்கிறது. அதை என்ன செய்வது? கோழியும் அந்த வளவில்தான் மேய்கிறது.

---

ஓய்வுபெற்ற_பிஎச்ஐ

பஸ்பம் வேண்டாம் மகள். சில பஸ்பங்கள் ஈயத்தையே சேர்த்துச் செய்பவை. மாமியின் அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தை வாங்காதீர்கள். வைத்தியர் சொன்னது சரி. பிள்ளைகளுக்கு 45 அளவில்தான் அந்த மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். தூசுக்குள் இருந்துகொண்டு அந்த மருந்தை எடுப்பதும் பிழை. ஒரு பக்கம் வெளியேற மறுபக்கம் ஏறும்.

வீட்டைச் சுத்தம் செய்வது பற்றி. விளக்குமாறு தொடவே வேண்டாம். தரை, யன்னல் விளிம்பு, கதிரை எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். துடைத்த தண்ணீரை வளவில் ஊற்றாமல் மலசலகூடத்தில் ஊற்றுங்கள். அவர் வேலைக்குப் போட்ட செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது. மெத்தை, மோட்டார்சைக்கிள் சீற் இரண்டையும் மறக்காதீர்கள். நீங்கள் துடைக்கும்போது பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் நிற்கட்டும், முடிந்தால் வளவு ஒழுங்காகும் வரைக்கும்.

கொட்டிலைச் சுற்றியுள்ள மேல்மண்ணை நீங்களாக வெட்டி எறிய வேண்டாம், அது இன்னொருவர் வளவுக்குப் போய்ச் சேரும். இப்போதைக்குத் தண்ணீர் தெளித்து, தடித்த பொலித்தீன் விரித்து, மேலே சுத்தமான மண்ணோ கல்லோ போட்டு மூடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் ஒரு பிரதி. கோழி முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஈயம் உள்ள மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டையில் ஈயம் வரும்.

---

கிண்ணியா_நானா

தங்கச்சி, பிளேட்டை மூட்டையாகக் கட்ட வேண்டாம், சாக்கு உதிர்க்கும். மூடி உள்ள பிளாஸ்டிக் பீப்பா இரண்டு நான் கொண்டுவருகிறேன். தண்ணீர் தெளித்து நனைத்துப் போடலாம். உரிமம் உள்ள ஒருவருக்குத்தான் நான் முழுப் பட்டரி கொடுக்கிறேன், பிளேட்டையும் எடுப்பாரா என்று கேட்டுவிட்டேன், எடுப்பாராம். கூலி வேண்டாம். காசு வந்தால் அது உங்களுடையது, மருந்துச் செலவுக்கு ஆகும். என்னோடு நிற்கிற பொடியன்கள் மூன்று பேரையும் இரத்தம் பார்க்கக் கூட்டிப் போகப் போகிறேன். ஒருவனுக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்தது.

---

திருக்கடலூர்_வலை

பிஎச்ஐ ஐயா, கரைவலைக்குக் கல்லும் சீமெந்துக் குண்டும் கட்டலாம். வீச்சு வலைக்கு அது சரிவராது, ஈயம் இல்லாமல் விரிந்து இறங்காது. வார்த்த குண்டைக் கடையில் வாங்கலாம்தான், விலைதான் கஷ்டம். சங்கத்தால் மொத்தமாக எடுத்தால் குறையுமா என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கரையில் வீட்டிலே வார்க்கிற குடும்பங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் மூன்று வீட்டில் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர்களை எழுதி சுகாதார அலுவலகத்தில் கொடுத்தால் பிள்ளைகளுக்கு இரத்தம் எடுக்க ஒழுங்கு செய்வார்களா, அல்லது ஒவ்வொருவரும் கிளினிக்குக்குத்தான் போக வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற_பிஎச்ஐ

பட்டியலை எழுதுங்கள் தம்பி. வீட்டு விலாசம், பிள்ளையின் வயது, கடைசியாக எப்போது வார்த்தார்கள் என்று மூன்றும் இருக்கட்டும். திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் நிற்கிறேன், சேர்ந்தே உள்ளே போவோம். மூதூர் மகளும் தன் பக்கத்துப் பட்டியலை அனுப்பினால் ஒரே கடிதமாகக் கொடுக்கலாம்.